வெளிநாட்டு வேலைக்குப் போறீங்களா? மலை இறங்குறதுக்கு முன்னாடி பேங்க் அக்கவுண்ட்டைச் சரி பண்ணிடுங்க!



சிங்கப்பூர், துபாய்னு முதல் வெளிநாட்டு வேலை கிடைச்சதும் நாம என்ன செய்வோம்? விசா, டிக்கெட், மெடிக்கல், பெட்டி எல்லாத்தையும் பார்ப்போம். பேங்க் அக்கவுண்ட்டை மட்டும் "அங்க போய்ப் பார்த்துக்கலாம்"னு விட்டுடுவோம். நானும் அப்படித்தான் விட்டேன். அதனால என் வீட்டுல என்ன நடந்ததுன்னு முதல்ல சொல்லிடறேன். அப்புறம் நீங்க என்ன செய்யணும்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

எங்க ஊர் ஏற்காடு மலையில மாரமங்கலம். வீட்டுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம், மரத்துல ஏறின மிளகு. 2019-ல் எனக்கு சிங்கப்பூர்ல வேலை கிடைச்சது. கிளம்புற அன்னைக்கு என் சம்பள அக்கவுண்ட்டோட ஏடிஎம் கார்டை அப்பா கையில கொடுத்து, பின் நம்பரை ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுட்டு, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போயிட்டேன். மாசாமாசம் அதே அக்கவுண்ட்டுக்குப் பணம் அனுப்புவேன். அப்பா பஸ் பிடிச்சு ஏற்காடு டவுனுக்குப் போய் எடுத்துக்குவார்.

காப்பிப் பழம் பறிக்கிற சீசன் வந்தது. பறிக்கிற ஆளுங்களுக்கு வாரக் கூலி கொடுக்கணும். அன்னைக்கு ஏடிஎம்ல அப்பா பின் நம்பரை மாத்தி மாத்தி மூணு தடவை தப்பா அடிச்சுட்டார். கார்டு பிளாக். புது பின் போட ஓடிபி வேணும். ஓடிபி வர்றது என் இந்திய சிம்முக்கு. அந்த சிம்முக்கு ரீசார்ஜ் பண்ணாம விட்டு எத்தனையோ நாள் ஆச்சு. அப்பா பேங்க்குக்குப் போனார். "அக்கவுண்ட் உங்க பேர்ல இல்லையே, உங்க பையன்தான் வரணும்"னு சொல்லிட்டாங்க. அவங்க சொன்னது சரிதான். நான் போன் பண்ணினப்போ, "சார், நீங்க வெளிநாட்டுல வேலை பார்க்கறீங்க, இன்னும் எப்படி சாதாரண சேவிங்ஸ் அக்கவுண்ட் வெச்சிருக்கீங்க?"ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல.

அக்கவுண்ட்ல பணம் இருந்தது. ஆனா அந்த வாரம் கூலி கொடுக்க, நல்ல விலை வரட்டும்னு மூட்டை கட்டி வெச்சிருந்த மிளகை அப்பா வந்த விலைக்கு வித்தார். எனக்கு அப்போ போன்ல ஒண்ணும் சொல்லல. ஊருக்கு வந்தப்போ அம்மா சொல்லித்தான் தெரியும்.

இந்தத் தப்பு நீங்க பண்ண வேண்டாம். அதுக்குத்தான் இந்தப் பதிவு.

1. நீங்க போனதும் உங்க பழைய அக்கவுண்ட்டோட வகை மாறணும்

இந்தியாவுல வெளிநாட்டுப் பணம் சம்பந்தப்பட்ட சட்டம் ஃபெமா. 1999-ல் இயற்றி, 2000 ஜூன் 1-ல் இருந்து நடைமுறையில் இருக்கு. வேலைக்காக நீங்க இந்தியாவை விட்டுக் கிளம்பினாலே இந்தச் சட்டப்படி நீங்க "இந்தியாவுக்கு வெளியே வசிப்பவர்".

இங்கதான் நிறைய பேர் குழம்பறாங்க. "182 நாள் ஆனாத்தானே என்ஆர்ஐ?"ன்னு கேப்பாங்க. அந்த நாள் கணக்கு முக்கியமா வருமான வரிக்கானது. பேங்க் அக்கவுண்ட்டுக்கு ஃபெமாதான் கணக்கு. வேலைக்குன்னு கிளம்பிட்டா 182 நாள் முடியட்டும்னு காத்திருக்க வேண்டியதில்ல.

அதனால உங்க சாதாரண சேவிங்ஸ் அக்கவுண்ட்டை என்ஆர்ஓ அக்கவுண்ட்டா மாத்தச் சொல்லி பேங்க்ல எழுதிக் கொடுக்கணும். கூடவே என்ஆர்இ அக்கவுண்ட் ஒண்ணு திறக்கணும். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

என்ஆர்ஓ: இந்தியாவுல உங்களுக்கு வர்ற பணத்துக்கு. வாடகை, டிவிடெண்ட், பழைய கம்பெனியில இருந்து வர வேண்டிய பாக்கி இந்த மாதிரி. இதுல வர்ற வட்டிக்கு வரி உண்டு. இங்கிருந்து வெளிநாட்டுக்குப் பணம் கொண்டு போக, வரி சம்பந்தப்பட்ட படிவங்களோடு, ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் வரைதான் அனுமதி.

என்ஆர்இ: வெளிநாட்டுல சம்பாதிச்சு அனுப்பற பணத்துக்கு. ரூபாயில்தான் இருக்கும். நீங்க வெளிநாட்டுல வசிக்கிற வரைக்கும் வட்டிக்கு இந்தியாவுல வருமான வரி இல்ல. அசலையும் வட்டியையும் எப்ப வேணா திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 லட்சம் ரூபாயை 7% வட்டிக்கு ஒரு வருஷம் டெபாசிட்ல போடறீங்கன்னு வெச்சுக்குவோம். வட்டி சுமார் 21,000 ரூபாய். அது என்ஆர்ஓ டெபாசிட்னா 30% வரி, அதுமேல 4% செஸ், ஆக மொத்தம் 31.2% டிடிஎஸ் பிடிப்பாங்க. 6,552 ரூபாய் போயிடும். அதே பணம் என்ஆர்இ டெபாசிட்ல இருந்தா பிடித்தம் இல்ல. முழு 21,000 உங்களுக்கு.

என்ஆர்ஓவுல பிடிச்ச பணம் முழுசா போயிடுச்சுன்னு இல்ல. இந்தியாவுல உங்க மொத்த வருமானம் வரி வரம்புக்குள்ள இருந்தா ரிட்டர்ன் தாக்கல் பண்ணி ரீஃபண்ட் வாங்கலாம். சிங்கப்பூரோட இந்தியாவுக்கு இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கறதால, அங்க வரி செலுத்துபவர்ங்கிற சான்றிதழ் கொடுத்தா வட்டிக்கு 15% வரைதான் வரி. ஆனா இத்தனை அலைச்சல் எதுக்கு? வெளிநாட்டுச் சம்பளத்தை முதல்லயே என்ஆர்இக்கு அனுப்பிட்டா வேலை முடிஞ்சது.

"மாத்தாம விட்டா என்ன ஆகும்?" ஃபெமாவை மீறினா சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூணு மடங்கு வரை அபராதம் போட சட்டத்துல இடம் இருக்கு. பயமுறுத்தறதுக்காக இதைச் சொல்லல. ஆனா பணம் அவசரமா தேவைப்படற அன்னைக்கு "முதல்ல அக்கவுண்ட்டை மாத்துங்க"ன்னு பேங்க் சொன்னா, அதுதான் உண்மையான தண்டனை. வெளிநாட்டுல இருந்துகிட்டே மாத்தணும்னா பாஸ்போர்ட், விசா நகல்களுக்குச் சான்றொப்பம் வாங்கி அனுப்பணும். எனக்கு அது முடிய ரெண்டு மாசம் ஆச்சு. ஊர்ல இருக்கும்போதே விசா, வேலை உத்தரவு எல்லாம் எடுத்துட்டுப் போய்க் கேட்டா சில நாள்ல முடியற வேலை.

வருமான வரி இணையதளத்துல உங்க பான் விவரத்துலயும் வசிப்பு நிலையை மாத்திடுங்க. 2023-ல் ஆதார் இணைக்காத பான்கள் செயலிழந்தப்போ, இதை மாத்தாம விட்ட நிறைய என்ஆர்ஐக்கள் மாட்டிக்கிட்டாங்க.

2. அந்த நாட்டுல அக்கவுண்ட் திறக்கறது

சிங்கப்பூரை உதாரணமா எடுத்துக்குவோம். மத்த நாடுகள்லயும் அடிப்படை இதேதான். பேங்க் மூணு விஷயம் கேக்கும். நீங்க யார், எந்த அனுமதியில தங்கியிருக்கீங்க, எங்க தங்கியிருக்கீங்க?

முதல் கேள்விக்கு பாஸ்போர்ட். ரெண்டாவதுக்கு வொர்க் பர்மிட், எஸ் பாஸ், எம்ப்ளாய்மெண்ட் பாஸ் இதுல உங்களோடது எதுவோ அது. மூணாவதுதான் கஷ்டம். நாலு பேர் சேர்ந்து ரூம் எடுத்துத் தங்கினா கரண்ட் பில் உங்க பேர்ல வராது. கம்பெனி கொடுக்கற கடிதம் போதுமா, வேற என்ன ஏத்துப்பாங்கன்னு ஹெச்ஆர் கிட்ட முன்கூட்டியே கேட்டு வெச்சுக்குங்க. பாஸ் கைக்கு வந்ததும் சிங்பாஸ்ல பதிவு பண்ணிட்டா, பல பேங்க்ல உங்க விவரங்களை அதுவே நிரப்பிடும். போன்லயே விண்ணப்பிக்கலாம்.

நம்ம ஆளுங்களுக்கு மட்டும் வர்ற ஒரு பிரச்சினை இருக்கு. அதுதான் இனிஷியல்! ஆதார்ல இனிஷியல், பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா, ஊர் பேங்க்ல இனிஷியலே இல்லாம. இப்படி மூணு இடத்துல மூணு விதமா பேர் இருந்தா, நீங்க அனுப்பற பணம் "பேர் பொருந்தல"ன்னு நின்னுடலாம். என்ஆர்இ அக்கவுண்ட் திறக்கும்போது பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே பேர் கொடுங்க.

இன்னும் சில விஷயங்கள்:

குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு, அதுக்குக் கீழ போனா மாசக் கட்டணம் எவ்வளவுன்னு கேளுங்க. சம்பளம் வந்ததும் மொத்தத்தையும் ஊருக்கு அனுப்பற பழக்கம் இருந்தா இந்தக் கட்டணம் மாசாமாசம் கடிக்கும்.

சிங்கப்பூர்ல சம்பள காலம் முடிஞ்சு 7 நாளுக்குள்ள சம்பளம் கொடுக்கணும்னு வேலைவாய்ப்புச் சட்டம் சொல்லுது. 2016 ஏப்ரல்ல இருந்து விவரமான சம்பளச் சீட்டும் கட்டாயம். அக்கவுண்ட்ல ஏறின தொகையையும் சீட்டையும் மாசாமாசம் ஒப்பிட்டுப் பாருங்க.

பேங்க் மூழ்கிட்டா? அங்க டெபாசிட் காப்பீடு 2024 ஏப்ரல் 1-ல் இருந்து ஒருத்தருக்கு ஒரு பேங்க்ல 1,00,000 சிங்கப்பூர் டாலர் வரை. நம்ம ஊர்ல 2020 பிப்ரவரி 4-ல் இருந்து 5 லட்சம் ரூபாய் வரை.

ரொம்ப முக்கியமானது இது. "உன் அக்கவுண்ட்டைக் கொஞ்ச நாள் கொடு, மாசம் இவ்வளவு தர்றேன்"னு யார் கேட்டாலும் ஓடிடுங்க. கூட ஒரே ரூம்ல தங்கற ஊர்க்காரரே கேட்டாலும் சரி. மோசடிப் பணத்தை மாத்த இந்த மாதிரி அக்கவுண்ட்தான் தேடுவாங்க. குற்றத்துக்குப் பயன்படும்னு நினைக்கக் காரணம் இருந்தும் சிங்பாஸ் விவரத்தை அடுத்தவங்ககிட்ட கொடுக்கறது அங்க 2024 பிப்ரவரி 8-ல் இருந்து குற்றம். 10,000 டாலர் வரை அபராதம், 3 வருஷம் வரை சிறைன்னு சட்டத்துல இருக்கு. வேலையும் போகும், திரும்பப் போற வழியும் அடைபடும்.

3. எந்த கார்டை எங்க தேய்க்கணும்?

அந்த நாட்டு கார்டு வர்ற வரைக்கும் நம்ம ஊர் டெபிட் கார்டையே தேய்க்கலாமேன்னு தோணும். 2020 அக்டோபர் 1-ல் இருந்து புதுசா தர்ற கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும்தான் திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களேதான் ஆப்ல ஆன் பண்ணணும். இது ரிசர்வ் வங்கி விதி. நல்ல விதி.

ஆனா செலவைப் பாருங்க. பல பேங்க் கார்டுகள்ல வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு 3.5% வரை மார்க்கப் கட்டணம், அதுமேல 18% ஜிஎஸ்டி. ஒரு டாலர் 65 ரூபாய்னு வெச்சுக்குவோம். மாசம் 500 டாலர் தேய்ச்சா 32,500 ரூபாய். மார்க்கப் 1,137.50, ஜிஎஸ்டி 204.75. சும்மா சுமார் 1,342 ரூபாய் போகுது. சோறு, பஸ், ரீசார்ஜ்னு சின்னச் சின்னதா தேய்க்கும்போது இது கண்ணுக்கே தெரியாது. அதனால முதல் மாசத்துக்குத் தேவையான டாலரைக் கொஞ்சம் ரொக்கமாவும் மீதியை ஃபாரெக்ஸ் கார்டுலயும் எடுத்துட்டுப் போங்க. அந்த நாட்டு டெபிட் கார்டு வந்ததும் நம்ம ஊர் கார்டுல வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆஃப் பண்ணிடுங்க.

இன்னொரு பொறி. கடையிலயோ ஏடிஎம்லயோ "ரூபாய்ல கட்டறீங்களா, சிங்கப்பூர் டாலர்ல கட்டறீங்களா?"ன்னு மிஷின் கேக்கும். ரூபாய்னு பார்த்ததும் நமக்கு ஒரு பாசம் வரும். வேண்டாம்! எந்த நாட்டுல நிக்கறீங்களோ அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்க. இல்லேன்னா அந்த மிஷின்காரன் வெச்ச ரேட்தான் உங்க ரேட். லீவுல ஊருக்கு வந்து சிங்கப்பூர் கார்டைத் தேய்ச்சாலும் இதே விதிதான். அப்போ ரூபாயைத் தேர்ந்தெடுக்கணும்.

4. வீட்டுக்குப் பணம்: கார்டை விட்டுட்டுப் போகாதீங்க

இப்ப என் தப்புக்கு வர்றேன். ஏடிஎம் கார்டு அக்கவுண்ட்காரருக்கு மட்டும்தான். அப்பாவா இருந்தாலும், கட்டின மனைவியா இருந்தாலும் கொடுக்கக் கூடாது.

பெங்களூர்ல 2013 நவம்பர்ல ஒரு பெண், பிரசவ விடுப்புல இருந்ததால, 25,000 ரூபாய் எடுக்கச் சொல்லி கார்டையும் பின்னையும் கணவர்கிட்ட கொடுத்தாங்க. மிஷின்ல பணம் வரல, எடுத்ததா சீட்டு மட்டும் வந்தது. பேங்க் மறுத்தது. நுகர்வோர் மன்றத்துல வழக்கு வருஷக்கணக்கா நடந்து, 2018 மே மாசம் பேங்க் பக்கம் தீர்ப்பாச்சு. காரணம், பின் நம்பரை இன்னொருத்தர்கிட்ட கொடுத்தது விதிமீறல்.

ரிசர்வ் வங்கியோட 2017 ஜூலை விதியும் இதையேதான் சொல்லுது. உங்க தப்பும் இல்ல, பேங்க் தப்பும் இல்ல, வெளியாள் மோசடின்னா, தகவல் வந்த 3 வேலை நாளுக்குள்ள நீங்க புகார் கொடுத்தா உங்களுக்கு நஷ்டம் இல்ல. ஆனா பின்னை நீங்களே பகிர்ந்திருந்தா, புகார் கொடுக்கற வரைக்கும் ஆன நஷ்டம் உங்க தலையிலதான்.

அப்போ என்ன செய்யலாம்?

சுலபமான வழி: அப்பா அம்மா பேர்ல தனி அக்கவுண்ட். இல்லேன்னா ஜன் தன் மாதிரி ஜீரோ பேலன்ஸ் கணக்கு ஒண்ணு திறங்க. அவங்க கார்டு, அவங்க பின், அவங்க போன் நம்பர். உங்க என்ஆர்இல இருந்து மாசாமாசம் அதுக்கு அனுப்புங்க. பெற்றோருக்குப் பிள்ளை கொடுக்கற பணத்துக்கு அவங்களுக்கு வருமான வரி இல்ல. பின் நம்பர் ஞாபகம் இருக்காதா? ஆதார் இணைச்ச அக்கவுண்ட்னா பேங்க் பிரதிநிதிகிட்டயோ போஸ்ட்மேன்கிட்டயோ கைரேகை வெச்சுப் பணம் எடுக்கலாம். நம்ம மாதிரி மலை ஊருக்கு இது பெரிய வசதி.

அதிகாரம் கொடுக்கற வழி: உங்க அக்கவுண்ட்ல இருந்தே அப்பா நேரா பணம் எடுக்கணும்னா, பவர் ஆஃப் அட்டர்னி அல்லது பேங்க்கோட அதிகாரக் கடிதம் கொடுங்க. என்ஆர்இல அவர் உள்ளூர்ச் செலவுகளுக்கு எடுக்கலாம். ஆனா அடுத்தவங்களுக்கு அன்பளிப்பா கொடுக்க முடியாது.

கூட்டுக் கணக்கு: நெருங்கின உறவினரை "முதலாமவர் அல்லது பிழைத்திருப்பவர்" முறையில சேர்க்கலாம். உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா பணம் முடங்காம அவங்க கைக்குப் போகும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் நாமினி பேர் கண்டிப்பா பதிவு பண்ணுங்க.

அடுத்து, ஓடிபி. நான் போனப்போ இல்லாத ஒரு வசதி இப்ப இருக்கு. 2023 ஜனவரியில என்பிசிஐ, சிங்கப்பூர், அமீரகம், சவுதி, கத்தார், ஓமன், பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஹாங்காங்னு 10 நாட்டு மொபைல் நம்பர்கள்ல என்ஆர்இ, என்ஆர்ஓ அக்கவுண்ட்டை யுபிஐயோட இணைக்க வழி செஞ்சது. அதே வருஷம் பிப்ரவரி 21-ல் யுபிஐயும் சிங்கப்பூரோட பேநவ்வும் இணைஞ்சது. தொடங்கினப்போ ஒரு நாளைக்கு 60,000 ரூபாய், அதாவது அப்போ சுமார் 1,000 டாலர் வரைன்னு வரம்பு. ரெண்டு பக்கமும் இதுல சேர்ந்த பேங்க்கா இருக்கணும். அதனால அந்த நாட்டு நம்பர் கிடைச்சதும் முதல் வேலையா பேங்க்ல பதிவு பண்ணுங்க. அதுவரைக்கும் இந்திய சிம்மைச் சாக விடாதீங்க.

பணம் அனுப்பும்போது "கட்டணம் இல்லை"ங்கிற விளம்பரத்தை மட்டும் பார்க்காதீங்க. கடைசியில வீட்டுக்கு எத்தனை ரூபாய் போய்ச் சேருதுன்னு பாருங்க. 1,000 டாலருக்கு ஒருத்தர் 65 ரூபாய் ரேட், 5 டாலர் கட்டணம்: 995 டாலர் மாறி 64,675 ரூபாய். இன்னொருத்தர் கட்டணமே இல்ல, ஆனா ரேட் 64.20: 64,200 ரூபாய். இலவசம்னு சொன்ன இடத்துலதான் 475 ரூபாய் குறைவு!

5. திரும்பி வரும்போது

வேலை முடிஞ்சு நிரந்தரமா ஊர் திரும்பினா, எல்லாத்தையும் மறுபடி மாத்தணும். என்ஆர்ஓவையும் என்ஆர்இயையும் சாதாரண அக்கவுண்ட்டா மாத்தச் சொல்லிடுங்க. டாலராவே வெச்சிருக்கணும்னா ஆர்எஃப்சி அக்கவுண்ட் இருக்கு. அங்க இருக்கற அக்கவுண்ட்டை அப்படியே வெச்சிருந்தீங்கன்னா, நீங்க இந்தியாவுல முழு வரிவதிவாளர் ஆன பிறகு ரிட்டர்ன்ல வெளிநாட்டுச் சொத்துப் பகுதியில அதைக் காட்டணும். நாடுகள் இந்தத் தகவலை ஒண்ணோட ஒண்ணு பரிமாறிக்குது. தேவையில்லேன்னா கடைசிச் சம்பளம் வந்ததும் மூடிட்டு வாங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு செக்லிஸ்ட்

• சேவிங்ஸ் அக்கவுண்ட்டை என்ஆர்ஓவா மாத்த விண்ணப்பம்
• பாஸ்போர்ட் பேர்லயே என்ஆர்இ அக்கவுண்ட்
• ரெண்டுலயும் நாமினி
• பெற்றோர் பேர்ல தனி அக்கவுண்ட், தனி கார்டு; ஒரு தடவை கூடவே போய் எடுக்கப் பழக்கிடுங்க
• முதல் மாசச் செலவுக்கு ரொக்கமும் ஃபாரெக்ஸ் கார்டும்
• இந்திய சிம்முக்கு ரோமிங்கோட ரீசார்ஜ்
• கார்டு தொலைஞ்சா பிளாக் பண்ற நம்பர், போன்ல மட்டும் இல்லாம பேப்பர்லயும்

இப்ப எங்க அப்பாகிட்ட அவர் பேர்லயே ஒரு கார்டு இருக்கு. பின் நம்பர் எனக்குக்கூடத் தெரியாது. கேட்டா, "அதெல்லாம் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுப்பா"ன்னு சொல்றார். போன சீசன்ல கூலி கொடுக்க ஒரு நாள்கூட தாமதம் ஆகல. மிளகையும் விலை ஏறின பிறகுதான் வித்தார்.

உங்க வீட்டுலயோ நண்பர்கள்லயோ யாராவது வெளிநாடு கிளம்பறாங்கன்னா, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி இந்தப் பதிவை அவங்களுக்கு அனுப்புங்க. என்ஆர்ஓ விண்ணப்பத்தை எப்படி நிரப்பறதுன்னு அடுத்த வீடியோவுல ஒவ்வொரு கட்டமா பார்ப்போம்.